‘செயல்பாட்டில் மாற்றமில்லை’ என்று நுழைந்த பேட்ச்: ஹைப்பர்வைசர் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பராமரிப்பாளர்களே,

போன செவ்வாய்க்கிழமை நம் ஹைப்பர்வைசரின், அதாவது ஒரே எந்திரத்தில் பல மெய்நிகர் எந்திரங்களை ஓட்டும் நம் மென்பொருளின், முதன்மைக் கிளையில் ஒரு பேட்சை, கோடில் ஒரு மாற்றத்தை, சேர்த்தீர்கள். அறுபது வரிகூட இருக்காது. கெஸ்ட் என்ற மெய்நிகர் எந்திரத்திலிருந்து, அதைத் தாங்கும் ஹோஸ்டுக்குத் திரும்பும் பாதையில், ப்ராசசரின் ஊகத்தைக் கட்டுப்படுத்தும் ரெஜிஸ்டரை, அதாவது ப்ராசசருக்குள் இருக்கும் ஒரு சின்னச் சேமிப்பிடத்தை, எங்கே, எப்போது மீட்டு எழுதுவது என்பதை அது மாற்றுகிறது. கமிட் குறிப்பின், அதாவது பேட்சோடு வரும் விளக்கத்தின், கடைசி வரி: "செயல்பாட்டில் மாற்றமில்லை." அந்தப் பேட்ச் மேல் நான் கேட்டிருந்த இரண்டு கேள்விகள் அன்று பதில் இல்லாமல் கிடந்தன. இன்றும் அப்படியேதான் கிடக்கின்றன.

புதன்கிழமை காலையில் அடுத்த அறிவிப்பு வந்தது. ஊகக் கட்டுப்பாட்டைத் தொடும் பேட்சுகளுக்கு இருவர் ஒப்புதல் வேண்டும் என்ற விதி இனி இல்லை, ஒருவர் போதும். இரண்டு வேலைநாளுக்குள் தீராத கேள்வி பேட்சை நிறுத்தாது. காரணம், ரிவ்யூக்கள் இழுத்தடிக்கின்றன. பெயர் சொல்லாவிட்டாலும் எந்த ரிவ்யூவைச் சொல்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இழுத்தடித்தேன் என்ற குற்றச்சாட்டைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்தப் பேட்ச் தொட்ட இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு இது பழகிய விஷயம். ஆனால் பேட்ச் வந்த நான்காவது நிமிடத்தில் "சரியாக இருக்கிறது" என்று எழுதியவருக்கு அது பழகிய விஷயமா என்று எனக்குச் சந்தேகம். அதனால் அடியிலிருந்தே வருகிறேன்.

ஒரு தாவல் (நிரலின் ஓட்டத்தை வேறோர் இடத்துக்கு அனுப்பும் கட்டளை) எங்கே போகும் என்று முடிவாகும் வரை ப்ராசசர் காத்திருப்பதில்லை. முன்பு எங்கே போனது என்பதை வைத்து ஊகித்து, அந்தப் பக்கம் ஓடத் தொடங்கிவிடும். ஊகம் தப்பினால் செய்ததை எல்லாம் கலைத்துவிட்டுத் திரும்பி வரும். ரெஜிஸ்டரில் கலைந்துவிடும், கேஷ் என்ற வேக நினைவகத்தில் தடம் நின்றுவிடும். அந்தத் தடத்தை நேரம் வைத்து அளந்தே அடுத்தவரின் நினைவகத்தைப் படித்துவிடலாம் என்பதுதான் 2018 ஜனவரி 3 அன்று ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பெயர்களில் வெளியே வந்த செய்தி. ப்ராசசர் நிறுவனங்களுக்கு அது 2017 ஜூனிலேயே தெரிவிக்கப்பட்டிருந்தது.

ஹைப்பர்வைசருக்கு இதில் தனித் தலைவலி உண்டு. கெஸ்டும் ஹோஸ்டும் ப்ராசசரின் ஒரே கோரில், தாவல்களை ஊகிக்கும் ஒரே பிராஞ்ச் ப்ரெடிக்டரைத்தான் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. கெஸ்ட் வேண்டுமென்றே ப்ரெடிக்டருக்குத் தப்பான பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியேறினால், உள்ளே வரும் ஹோஸ்ட் அந்தப் பாடத்தின்படி சில நொடித்துளிகள் ஓடும். ஓடுவது ஹோஸ்டின் உரிமையோடு, ஹோஸ்டின் நினைவகத்தின் மேல்.

இதற்காக மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் நிரல்) வழியே வந்த கடிவாளம்தான் ஹெக்ஸ் 48 என்ற முகவரியில் இருக்கும் ஸ்பெக் கன்ட்ரோல் ரெஜிஸ்டர். பிட் 0 ஐபிஆர்எஸ்: உரிமை குறைந்த நிலையில் பழக்கிய ஊகம், உரிமை கூடிய நிலையின் மறைமுகத் தாவல்களை (போகும் இடம் ஓடும்போதுதான் தெரியும் தாவல்களை) ஆட்டிப்படைக்காமல் தடுப்பது. பிட் 1 எஸ்டிஐபிபி: ஒரே கோரைப் பகிரும் இரட்டை த்ரெட்களில் ஒன்று மற்றொன்றின் ஊகத்தைக் கெடுக்காமல் தடுப்பது. பிட் 2 எஸ்எஸ்பிடி: 2018 மே மாதம் வெளியான நான்காவது வகைக் கசிவுக்கானது. அப்புறம் வந்த சில கசிவுகளுக்காகவும் மேலே மேலே பிட்கள் ஏறிக்கொண்டே போயின. பிராஞ்ச் ஹிஸ்டரி கசிவுக்கான பிட் 10-ஆம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கெஸ்டுக்கு இந்த ரெஜிஸ்டரில் ஒரு மதிப்பு வேண்டும், ஹோஸ்டுக்கு வேறொரு மதிப்பு வேண்டும். இன்டெல்லில் நம் கோட் நடப்பது இப்படி: கெஸ்டுக்குள் போகும் முன் கெஸ்டின் மதிப்பை எழுதுகிறோம், வெளியே வந்ததும் கெஸ்ட் வைத்திருந்ததைப் படித்துச் சேமித்துவிட்டு ஹோஸ்டின் மதிப்பை எழுதுகிறோம். பேட்சுக்கு முன்பு இந்த மீட்பு முழுவதும் அசெம்பிளியிலேயே (ப்ராசசரின் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி), வெளியேறிய சில கட்டளைகளுக்குள், ஒரு ரிட்டர்ன்கூட (ஃபங்ஷனிலிருந்து திரும்பும் கட்டளை) ஓடும் முன் முடிந்துவிடும். படிப்பதற்கு அழகான கோட் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

பேட்ச் அதில் இரண்டு காரியம் செய்தது. மீட்பை அசெம்பிளியிலிருந்து எடுத்து சி ஃபங்ஷனுக்குள் வைத்தது. அங்கே ஒரு நிபந்தனையும் சேர்த்தது: கெஸ்ட் விட்டுப்போன மதிப்பும் ஹோஸ்ட் வேண்டும் மதிப்பும் ஒன்றாகவே இருந்தால் எழுதாதே, எழுதுவது செலவு.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் பார்ப்பதற்கு மிக நியாயமாகத் தெரிகிறது. ரெஜிஸ்டரில் ஏற்கெனவே 1 இருக்கிறது, அதன் மேல் மறுபடி 1 எழுதுவானேன்? வேறு எந்த ரெஜிஸ்டராக இருந்தாலும் நானே அந்த வரியைச் சேர்க்கச் சொல்லியிருப்பேன்.

இந்த ரெஜிஸ்டரில் அது தப்பு. பழைய ஐபிஆர்எஸ் மட்டும் உள்ள ப்ராசசர்களில், ஐபிஆர்எஸ் பிட்டின் மதிப்பு 1 ஆக இருப்பது மட்டும் பாதுகாப்பு தராது. உரிமை கூடிய நிலைக்குள் வந்த பிறகு அந்த 1-ஐ எழுத வேண்டும். எழுதும் அந்தக் கட்டளைதான், அதற்கு முன் உரிமை குறைந்த நிலையில் பழக்கப்பட்ட ஊகங்களை வெளியே தள்ளி நிறுத்துகிறது. கெஸ்டின் கர்னல் (இயங்குதளத்தின் மையம்) தன் வசதிக்காக 1 எழுதி வைத்திருக்கும். வெளியேறி வந்த ஹோஸ்ட், "ஏற்கெனவே 1 தானே" என்று விட்டுவிட்டால், ஹோஸ்ட் எதையும் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். வாசலில் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதே என்று படுக்கப் போவது போல. போட்டது யார் என்று பார்க்க வேண்டாமா? வந்த விருந்தாளி தன் பக்கத்தில் போட்டுக்கொண்ட தாழ்ப்பாள் அது.

மேம்பட்ட ஐபிஆர்எஸ் உள்ள ப்ராசசர்களில் கதை வேறு. அங்கே பூட் ஆகும்போது ஒருமுறை எழுதி விட்டுவிட்டால் போதும், நிலை மாறும்போது ப்ராசசரே பார்த்துக்கொள்ளும். ஹெக்ஸ் 10ஏ முகவரியில் இருக்கும் திறன் ரெஜிஸ்டரின் பிட் 1 அதைச் சொல்லிவிடும். இன்டெல்லின் சர்வர் வரிசையில் கேஸ்கேட் லேக்கில் அது உண்டு, அதற்கு முந்தைய ஸ்கைலேக்கில் இல்லை.

இப்போது நம் சோதனை அறைக்குப் போங்கள். அங்கே இருப்பதில் மிகப் பழைய எந்திரம் கேஸ்கேட் லேக். ஆதரவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள், ஸ்கைலேக் இன்னும் இருக்கிறது. அதாவது நாம் சோதிக்கும் எந்த எந்திரத்திலும் அந்த நிபந்தனை தப்பில்லை. நம்மை நம்பி ஓட்டுபவர்களின் எந்திரங்களில் மட்டும் தப்பு. என் முதல் கேள்வி இதுதான். இரண்டு வாக்கியத்தில் கேட்டிருந்தேன்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த ஞானமும் இல்லை. 2022 ஜூலையில் ரெட்பிளீட் என்ற தாக்குதல் வெளியானபோது, லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் இதே பள்ளத்தில் இருந்தது. மீட்பு சி ஃபங்ஷனில் நடந்துகொண்டிருந்தது. ரெட்பிளீட் திருத்தங்களோடு அதை அசெம்பிளிப் பாதைக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். பழைய ஐபிஆர்எஸ் வேலை செய்ய, பிட் ஏற்கெனவே போட்டிருந்தாலும் வெளியேறியதும் மீண்டும் எழுதியே ஆக வேண்டும் என்று காரணத்தையும் கமிட் குறிப்பிலேயே எழுதி வைத்தார்கள். அவர்கள் சி-யிலிருந்து அசெம்பிளிக்கு ஏன் போனார்கள் என்பது எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது. நாம் அசெம்பிளியிலிருந்து சி-க்கு ஏன் வந்தோம் என்பதற்கு நம் கமிட் குறிப்பில் இருக்கும் ஒரே சொல், "எளிமை".

ரெட்பிளீட் என்ற பெயரை எடுத்ததால், பேட்சின் முதல் காரியத்துக்கும் வந்துவிடலாம். ரிட்டர்ன் கட்டளை எங்கே திரும்பும் என்பதை ப்ராசசர் தனியாக ஒரு சின்ன அடுக்கில் வைத்துக்கொள்ளும், அதனால் ரிட்டர்ன் பத்திரம் என்று நெடுநாள் நம்பினோம். மறைமுகத் தாவலை ரிட்டர்னாக மாற்றும் ரெட்போலின் என்ற தந்திரமே அந்த நம்பிக்கையின் மேல் கட்டியது. சில ப்ராசசர்களில், இன்டெல்லில் அடுக்கு காலியானதும், ஏஎம்டியில் அடுக்கு எப்படி இருந்தாலும், ரிட்டர்னும் சாதாரணத் தாவல் போலவே பிராஞ்ச் ப்ரெடிக்டரைக் கேட்கப் போகும் என்று ஈடிஎச் ஜூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்டெல்லின் 6 முதல் 8 வரையிலான தலைமுறைகள், ஏஎம்டியின் ஜென் 1, ஜென் 1 பிளஸ், ஜென் 2 ஆகியவை மாட்டின. புதிய பேட்சின்படி, கெஸ்டிலிருந்து வந்ததும் அசெம்பிளியிலிருந்து ஒரு ரிட்டர்ன், அப்புறம் ட்ரேஸ் (நடந்ததின் பதிவு) எழுதுவதற்காக ஃபங்ஷன் பாயின்டர் வழியே ஒரு மறைமுக அழைப்பு, அதற்கும் பிறகுதான் மீட்பு. ஆக, கெஸ்டின் மதிப்பு ரெஜிஸ்டரில் இருக்கும்போதே ஹோஸ்ட் ஒரு ரிட்டர்னையும் ஒரு மறைமுக அழைப்பையும் ஓட்டிவிடுகிறது. ட்ரேஸ் அழைப்பு முன்பு மீட்புக்குப் பின்னால் இருந்தது. மீட்பைக் கீழே நகர்த்தியதில் அது தானாக முன்னால் வந்துவிட்டது. பேட்சின் வேறுபாட்டுப் பக்கத்தில் அந்த வரி தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த வரி மாறவில்லை. ஃபைலை முழுதாகத் திறந்து படித்தால்தான் கண்ணில் படும். நான்கு நிமிடத்தில் யாரும் ஃபைலைத் திறந்திருக்க மாட்டார்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

என் இரண்டாவது கேள்வி அந்த இடைவெளிக்குள் என்எம்ஐ (தடுத்து வைக்க முடியாத குறுக்கீடு) வந்தால் என்ன ஆகும் என்பது. ஏஎம்டியில் வெளியேறியதும் குறுக்கீடுகளை அனுமதிக்கும் குளோபல் இன்டரப்ட் ஃபிளாக் தானாகவே இறங்கிவிடும், என்எம்ஐ-யும் வெளியே காத்திருக்கும். இன்டெல்லில் அந்தச் சலுகை கிடையாது. கட்டளை ஏழெட்டாக இருந்த இடைவெளி இப்போது ஒரு சி ஃபங்ஷன் அளவுக்கு அகன்றிருக்கிறது. அதற்குள் நுழையும் என்எம்ஐ ஹேண்ட்லர் முழுவதும் கெஸ்டின் மதிப்போடு ஓடும். இதற்கு "நடைமுறையில் அரிது" என்று யாராவது பதில் எழுதியிருந்தால்கூட எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும், விவாதிக்க ஏதாவது இருந்திருக்கும்.

சரி, எல்லாச் சோதனையும் பச்சை காட்டியதே என்று கேட்பீர்கள். கேட்டும் இருந்தீர்கள். காட்டத்தான் செய்யும். நம் சோதனைகள் என்ன பார்க்கின்றன? கெஸ்ட் எழுதிய மதிப்பு கெஸ்டுக்குத் திரும்பக் கிடைக்கிறதா, ஹோஸ்டின் மதிப்பு சி கோடில் சரியாக இருக்கிறதா, ஒதுக்கப்பட்ட பிட்டை கெஸ்ட் எழுதினால் பிழை எழும்புகிறதா. மூன்றும் இந்தப் பேட்சுக்குப் பிறகும் உண்மைதான். ஓட்டை இருப்பது ஊகத்தில் ஓடிக் கலைந்துபோகும் கட்டளைகளில். அவை நிறைவேறியதாகக் கணக்கிலேயே வராது. கணக்கில் வராததை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றுகூட நம்மிடம் இல்லை. இங்கே ஒரு கட்டளை முன்னால் வருவதும் பின்னால் போவதும்தான் செயல்பாடே. "செயல்பாட்டில் மாற்றமில்லை" என்ற வரியை இந்த ஃபைலில் எழுதுவதற்கு முன் எவ்வளவு யோசிக்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அதைச் சொல்லிவிடுகிறேன், இங்கே உள்ள சிலருக்கு அது தெரியாது. நான்கு வருடத்துக்கு முன்பு லைவ் மைக்ரேஷன் (ஓடும் கெஸ்டை வேறு எந்திரத்துக்கு மாற்றுவது) கோடில் ஒரு பேட்சுக்கு நான் ஒப்புதல் கொடுத்தேன். இடம் மாறும்போது கெஸ்டோடு அனுப்ப வேண்டிய எம்எஸ்ஆர்களின் (ஸ்பெக் கன்ட்ரோல் போன்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களின்) நீண்ட பட்டியலை, ப்ராசசர் மாடல்வாரியாகப் பிரித்து அடுக்கிய பேட்ச் அது. படிக்க இதமாக இருந்தது. சோதனைகள் பச்சை. அதிலும் "செயல்பாட்டில் மாற்றமில்லை" என்றுதான் எழுதியிருந்தது. ஒரு மாடலுக்கான அடுக்கில் ஸ்பெக் கன்ட்ரோல் விடுபட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை.

நடந்தது என்ன தெரியுமா? மேம்பட்ட ஐபிஆர்எஸ் இருக்கிறது என்று கெஸ்டுக்குச் சொல்லியிருந்தோம். அதனால் கெஸ்டின் கர்னல் பூட்டில் ஒருமுறை எழுதிவிட்டு அப்படியே விட்டுவிட்டது. அதுதான் சரியான நடத்தை. பிறகு கெஸ்ட் இன்னொரு எந்திரத்துக்கு மாற்றப்பட்டது. புது எந்திரத்தில் ரெஜிஸ்டர் 0-வில் தொடங்கியது. கெஸ்ட் மறுபடி எழுதவே இல்லை, எழுத வேண்டிய காரணமும் அதற்குத் தெரியாது. உள்ளே பாதுகாப்பு நிலையைக் கேட்டால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே கர்னல் பதில் சொல்லும், ஏனென்றால் அது பூட்டில் எடுத்த முடிவைத்தான் ஒப்பிக்கும். ஒரு கெஸ்டும் விழவில்லை, ஒரு லாகும் முனகவில்லை, ஒரு பயனரும் புகார் செய்யவில்லை. வேகம் சற்றுக் கூடியிருக்கக்கூட வாய்ப்புண்டு.

ஐந்து மாதம் கழித்து, கடிகாரம் பிசகும் வேறு ஏதோ சிக்கலுக்காக நண்பர் ஒருவர் கெஸ்டுக்குள் ரெஜிஸ்டர்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார். "இது ஏன் பூஜ்யம்?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த ஐந்து மாதத்தில் எத்தனை கெஸ்டுகள் அப்படி ஓடின, அவற்றுக்குள் யாருடைய எந்தச் சாவி இருந்தது, யாராவது படித்தார்களா? யாருக்கும் தெரியாது, இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஒப்புதல் வரியில் என் பெயர்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இருவர் ஒப்புதல் விதி வந்தது. நீங்கள் புதன்கிழமை நீக்கிய விதி அதுதான். அது எங்கிருந்து வந்தது என்று அறிவிப்பில் ஒரு சொல் இல்லை.

வேகத்தைப் பற்றி நான் அக்கறையில்லாதவன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது நியாயமில்லை. எம்எஸ்ஆர் எழுதுவது மலிவான காரியம் கிடையாது, ஒவ்வொரு வெளியேற்றத்திலும் அதைச் செய்வது வலிக்கும் என்பது எனக்கும் தெரியும். பாதுகாப்பு என்ற பெயரில் கண்ணை மூடிக்கொண்டு கடிவாளம் போட்டதன் விளைவையும் பார்த்திருக்கிறோம். 2018 நவம்பரில் லினக்ஸ் 4.20 உருவாகிக்கொண்டிருந்தபோது எஸ்டிஐபிபி எல்லா ப்ராசசுக்கும் போடப்பட்டு, சில வேலைகளில் வேகம் படுத்துவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸே அதை எதிர்த்துக் கேட்டார். பிறகு கேட்கும் ப்ராசசுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அதே வருடம் ஜனவரியில் அவசர அவசரமாக வந்த மைக்ரோகோட், எந்திரங்களைத் திடீர் திடீரென்று ரீபூட் செய்ய வைத்தது. ஜனவரி 22 அன்று, அதை நிறுவுவதை நிறுத்துங்கள் என்று இன்டெல்லே சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே எந்தப் பக்கம் அவசரப்பட்டாலும் அடி உண்டு. பாதுகாப்பைக் கூட்டும் பேட்ச் வந்தாலும் இதே நிதானத்தோடுதான் கேள்வி கேட்பேன், கேட்டும் இருக்கிறேன்.

என் ரிவ்யூவின் மூன்றாவது பத்தியில், அதே வேகத்தை நேர்வழியில் எப்படி எடுப்பது என்றும் எழுதியிருந்தேன். மேம்பட்ட ஐபிஆர்எஸ் உள்ள எந்திரத்தில் மதிப்பு ஒன்றாக இருந்தால் தாராளமாகத் தவிர்க்கலாம். பூட்டில் ஒருமுறை பார்த்து அந்தக் கிளையைக் கோடிலேயே பதித்துவிட்டால் நிபந்தனையின் செலவும் இல்லை. ஏஎம்டியின் புதிய ப்ராசசர்களில் கெஸ்டின் மதிப்பை, அதன் நிலையைச் சேமிக்கும் விஎம்சிபி என்ற நினைவகப் பகுதியிலேயே வைத்து வன்பொருளே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஹோஸ்ட் போட்ட பிட்களும் கெஸ்ட் போட்ட பிட்களும் சேர்ந்தே கெஸ்டுக்குப் பொருந்தும், நாம் எழுதவே வேண்டாம். ஆக, நீங்கள் வரைபடம் போட்டுக் காட்டிய வேகத்தில் பெரும்பகுதியை ஓட்டை இல்லாமலேயே எடுத்திருக்கலாம். இழப்பு பழைய எந்திரங்களுக்கு மட்டும்தான், அங்கே அந்தச் செலவு தவிர்க்க முடியாதது. அந்தப் பத்தியை யாராவது படித்தீர்களா?

இழுத்தடிப்பு பற்றி இப்போது சொல்லலாம். பேட்ச் வெள்ளிக்கிழமை மாலை வந்தது. சனிக்கிழமை நான் கேள்வி எழுதினேன். செவ்வாய்க்கிழமை சேர்த்துவிட்டீர்கள். இடையில் பேட்சை எழுதியவர் என்னிடம் தனியாக, "கேள்வி சரிதான் போலிருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்" என்றார். அவர் பார்த்து முடிக்கும் முன்பே சேர்த்தாகிவிட்டது. அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. வந்து ஒரு வருடம் ஆகாதவர், படிக்க முடியாத கோடைப் படிக்கும்படி ஆக்க நினைத்தார், அது நல்ல ஆசை. அந்த இடத்தில் ஏன் அசெம்பிளி இருக்கிறது என்று ஒரு வரிக் குறிப்புகூட நாம் எழுதி வைக்காதது நம் குற்றம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

ரிவ்யூ என்றால் தட்டச்சுப் பிழையும் மாறியின் பெயரும் பார்ப்பது என்று பழகிவிட்டோமோ என்று சில நாளாகத் தோன்றுகிறது. போன மாதம் ஒரு பேட்சில் காலி இடம் டேபா ஸ்பேஸா என்பதற்குப் பதினொரு பதில்கள். இந்தப் பேட்சில் ஐபிஆர்எஸ் என்ற சொல்லை என்னைத் தவிர ஒருவரும் எழுதவில்லை.

இதெல்லாம் 2018-இன் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2025 செப்டம்பரில், அதே ஈடிஎச் ஜூரிக்கின் ஆய்வாளர்கள் விஎம்ஸ்கேப் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். கெஸ்டுக்குள் இருந்துகொண்டு, ஹோஸ்டின் யூசர் பக்கத்தில் ஓடி கெஸ்டை நடத்தும் கியூஎமு ப்ராசசின் நினைவகத்தைப் படிக்கலாம் என்று காட்டினார்கள். ஏஎம்டி ஜென் 1 முதல் ஜென் 5 வரை, இன்டெல் காஃபி லேக்கும் கூட. கர்னலுக்கும் கெஸ்டுக்கும் நடுவில் வேலி போட்டவர்கள், ஹோஸ்டின் யூசர் பக்கத்துக்கும் கெஸ்டுக்கும் நடுவில் போதுமான வேலி போடவில்லை. அதற்கான திருத்தமும் வெளியேற்றப் பாதையில்தான் வந்தது: யூசர் பக்கம் திரும்பும் முன் ஐபிபிபி என்ற துடைப்புக் கட்டளையைக் கொடுத்து ப்ரெடிக்டரைத் துடைப்பது. எட்டு வருடமாக உலகமே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் அதே இருபது முப்பது கட்டளைகளில்தான் நாம் நான்கு நிமிட ஒப்புதலோடு கை வைத்திருக்கிறோம்.

நாம் எழுதுவது ஒருவர் மேசையில் ஓடும் நிரல் என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். ஒரே எந்திரத்தில், ஒருவரை ஒருவர் தெரியாத பத்துப் பேரின் கெஸ்டுகளை அடுக்கி வைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. அடுத்தவர் உங்களைப் படிக்க முடியாது என்ற நம் சொல்லை நம்பித்தான் வாடகை கொடுக்கிறார்கள்.

கேட்பவற்றைத் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன்.

அடுத்த வெளியீட்டுக்கான கிளையைப் பிரிக்கும் முன் அந்தப் பேட்சைத் திரும்பப் பெறுங்கள். திருத்தத்தை மேலே ஒட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள், வேண்டாம். முதலில் பழைய வரிசைக்குத் திரும்புவோம், அப்புறம் மேம்பட்ட ஐபிஆர்எஸ் எந்திரங்களுக்கு மட்டுமான தவிர்ப்பைத் தனிப் பேட்சாகப் பார்ப்போம். திரும்பப் பெறும் பேட்சை நானே எழுதி வைத்திருக்கிறேன். புதிய பேட்சை முதல் பேட்சை எழுதியவரே எழுதட்டும், உடன் உட்கார நான் தயார்.

இருவர் ஒப்புதல் விதியை மீண்டும் கொண்டுவாருங்கள். ஹோஸ்ட் - கெஸ்ட் மாற்றப் பாதை, ஸ்பெக் கன்ட்ரோல், ஐபிபிபி, கேஷ் துடைப்பு, இவற்றைக் கெஸ்டுக்குக் காட்டும் சிபியுஐடி பிட்கள், மைக்ரேஷன் பட்டியல் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். மற்ற இடங்களில் ஒருவரே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த இடங்களில் எழுப்பிய கேள்விக்கு எழுத்தில் பதில் வராமல் பேட்ச் சேரக் கூடாது. "அரிது", "ஏற்றுக்கொள்கிறோம்" என்பதும் பதில்தான், அதை யார் சொன்னார் என்பது குறிப்பில் இருக்க வேண்டும். இரண்டு நாள் கெடு கட்டாயம் வேண்டும் என்றால், அது கேள்வி கேட்டவருக்குப் பதில் தருவதற்கான கெடுவாக இருக்கட்டும்.

அந்த ஃபைல்களில் "செயல்பாட்டில் மாற்றமில்லை" என்ற வரியை இனி ஏற்காதீர்கள். அதற்குப் பதிலாக, மீட்பு நடக்கும் முன் ஹோஸ்ட் எத்தனை ரிட்டர்ன், எத்தனை மறைமுகத் தாவல் ஓட்டுகிறது என்பதையும், பழைய ஐபிஆர்எஸ், மேம்பட்ட ஐபிஆர்எஸ், ஏஎம்டி ஆகிய மூன்றிலும் என்ன நடக்கும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் கேட்கட்டும், சொல்லித்தர ஆள் இருக்கிறோம். முதல் எண்ணிக்கையை, கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் ஃபைலைப் பிரித்துப் பார்த்தே சரிபார்க்கலாம். அதற்கான சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருக்கிறேன், தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிடுங்கள்.

சோதனை அறையில் ஸ்கைலேக் எந்திரம் ஒன்று வேண்டும், ஜென் 2 எந்திரம் ஒன்றும் வேண்டும். பழையதாகக் கிடைத்தால் போதும். கிடைக்காது, வாங்க மாட்டோம் என்றால் அவற்றை ஆதரவுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சோதிக்காததை ஆதரிப்பதாகச் சொல்லும் நிலை மட்டும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எடுக்கப்பட்ட சோதனை வெளியீடுகளை யாரெல்லாம் இறக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் பழைய ஐபிஆர்எஸ் எந்திரங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் காரணத்தைச் சொல்லி, முந்தைய வெளியீட்டுக்குத் திரும்பச் சொல்லுங்கள். மைக்ரேஷன் தவறு நடந்தபோது நாம் இதைச் செய்யவில்லை. அப்போது வேண்டாம் என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன்.

வரும் வெள்ளிக்கிழமை பராமரிப்பாளர் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். என் இரண்டு கேள்விகளையும் மறுபடி அதே இடத்தில், அதே வாக்கியங்களில் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வெளியேற்றப் பாதைக்கான ரிவ்யூவர்களில் ஒருவன்